தண்ணீர் பிடிக்கும் கப்பல்

இன்ஜின் ரூம் பதில்கள்

போன மாதம் வேறு ஏதோ கேள்விக்குப் பதில் எழுதும்போது, ‘அமெரிக்காவில் ஒரு நன்னீர் ஏரியை ஆராய்வதற்கென்றே ஒரு பல்கலைக்கழகம் பழைய மீன்பிடி லாஞ்சு ஒன்றைக் கப்பலாக்கி வைத்திருக்கிறது, நானே பார்த்திருக்கிறேன்’ என்று போகிற போக்கில் ஒரு வரி போட்டேன். டீசல் இன்ஜினைப் பற்றி ஆறு மாதமாக மாங்கு மாங்கென்று எழுதியதற்கு வந்த கடிதங்களைவிட இந்த ஒரு வரிக்கு வந்தவை அதிகம். கொஞ்சம் வருத்தம்தான். சரி, இந்த மாதம் முழுக்க ஏரி.

*

ஐயா, ஏரிக்கு எதற்குக் கப்பல்? நிஜமாகவே பார்த்தீர்களா, இல்லை கதையா?
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, கொருக்குப்பேட்டை

சந்தேகப்படு கண்ணு, நல்லதுதான். ஏரி என்றதும் உனக்குப் புழல் ஏரிதானே ஞாபகம் வரும்? அதையே அளவுகோலாக வைத்துக் கணக்குப் போடு. புழல் ரொம்பி வழியும்போது 3,300 மில்லியன் கன அடி. நான் சொன்ன சுப்பீரியர் ஏரியில் சுமார் 12,100 கன கிலோமீட்டர். அலகை மாற்றி வகுத்தால் கிட்டத்தட்ட 1,30,000 புழல் வரும். (நீயும் போட்டுப் பார். என் கணக்கில் தப்பு கண்டுபிடித்தால் அடுத்த இதழில் போடுகிறேன்.) பரப்பு 82,100 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டில் பாதிக்கும் மேல். ஆழமான இடம் 406 மீட்டர். மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. கட்டடங்கள் ஏழை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி உள்ளே இறக்கினாலும் உச்சி வெளியே தெரியாது. கரையில் நின்றால் அக்கரை தெரியாது. அலை உண்டு, புயல் உண்டு, கலங்கரை விளக்கம் உண்டு. இல்லாதது உப்பு மட்டும்தான்.

நான் போனது 2003 அக்டோபரில், சரக்குக் கப்பலில் இன்ஜினியராக, கோதுமை ஏற்றிவர. அட்லாண்டிக்கிலிருந்து செயின்ட் லாரன்ஸ் ஆற்றுக்குள் நுழைந்து, 16 லாக்குகளில் ஏறிப் போக வேண்டும். லாக் என்றால் கப்பலுக்கான தண்ணீர்ப் படிக்கட்டு: கப்பல் தொட்டிக்குள் நுழையும், பின்னால் கதவு மூடும், தண்ணீர் நிரம்பும், கப்பல் அப்படியே மேலே எழும், முன்கதவு திறக்கும். இப்படி ஏறி ஏறிக் கடல் மட்டத்துக்கு மேலே 183 மீட்டரில் இருக்கும் ஏரிக்குப் போய்ச் சேருவோம். அதன் மேற்குக் கோடியில் டுலூத் துறைமுகம். கடலிலிருந்து 3,700 கிலோமீட்டர் உள்ளே!

அங்கே எங்களுக்கு இடம் கிடைக்காமல் வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருந்தோம். என் வாட்ச், அதாவது முறைவேலை, முடிந்து மேலே வந்து பார்த்தால், தூரத்தில் நம்ம காசிமேட்டு லாஞ்சு மாதிரியே ஒன்று. கொஞ்ச தூரம் ஓடும், நிற்கும். பின்பக்கத்து இரும்புச் சட்டத்திலிருந்து கம்பியில் ஏதோ இறங்கும். ரொம்ப நேரம் கழித்து அது மேலே வரும். மறுபடி ஓடும், நிற்கும், இறக்கும். வலையைக் காணோம், மீனைக் காணோம், ஒரு பறவைகூடப் பின்னால் சுற்றவில்லை. காசிமேட்டில் பிறந்து வளர்ந்தவன் நான். இவ்வளவு துப்புக்கெட்ட மீன்பிடியை வாழ்நாளில் பார்த்ததில்லை என்று கூட இருந்த ஃபிட்டரிடம் சொன்னேன்.

கரை கட்டிய பிறகு, கப்பலுக்கு வந்த ஏஜென்ட்டிடம் விசாரித்தேன். அவர் சிரித்துவிட்டுச் சொன்னதை நம்ம தண்டையார்பேட்டை பாஷையில் சொன்னால்: ‘அவங்க மீன் புடிக்கலைப்பா, தண்ணி புடிக்கிறாங்க.’

*

அந்தக் கப்பல் பழைய மீன்பிடி லாஞ்சுதான் என்று எழுதியிருந்தீர்கள். என்னிடம் 65 அடி லாஞ்சு இருக்கிறது. டீசல் விலையில் கட்டுப்படியாகவில்லை. அதை ஆராய்ச்சிக்கு மாற்ற முடியுமா?
– விசைப்படகு உரிமையாளர், காசிமேடு

தம்பி, கேலியாகக் கேட்டீர்களோ நிஜமாகக் கேட்டீர்களோ, நான் நிஜமாகவே பதில் சொல்கிறேன்.

அந்தக் கப்பலின் பெயர் ‘புளூ ஹெரான்’. நீல நாரை. எண்ணூர் கழிமுகத்தில் ஒற்றைக்காலில் நிற்குமே சாம்பல் நாரை, அதற்கு அமெரிக்காவில் ஒரு பெரியண்ணன். 1985-இல் கட்டியபோது கப்பலுக்கு அந்தப் பெயர் இல்லை. ‘ஃபேர்ட்ரை’ என்ற பெயரில் அட்லாண்டிக்கின் கிராண்ட் பேங்க்ஸ் என்ற மீன்பிடிப் பகுதியில் மடிவலை இழுத்துக்கொண்டிருந்தது. 86 அடி. 1997-இல் மினசோட்டா பல்கலைக்கழகம் அதை வாங்கி, டுலூத்துக்கு ஓட்டி வந்து, அந்தக் குளிர்காலத்தில் பிரித்து மேய்ந்து ஆராய்ச்சிக் கப்பலாக்கியது. மாலுமிகளும் விஞ்ஞானிகளுமாக 11 பேர் தங்கலாம். அவ்வளவுதான். மார்பிள் தரை, லிஃப்ட் எதுவும் கிடையாது.

மீன்பிடிப் படகு ஏன் இதற்குத் தோதாகிறது என்று உங்களுக்கே தெரியும். கனத்த பொருளைக் கம்பியில் கட்டிப் பின்பக்கமாக இறக்கி ஏற்றுவதற்கென்றே பிறந்த படகு அது. கம்பியைச் சுற்றி இழுக்கும் விஞ்சு இருக்கிறது, பின்தளம் தாழ்வாக, அகலமாக இருக்கிறது, எந்தக் காற்றிலும் நின்று வேலை பார்க்கும். பயணிகள் படகை வாங்கி இதையெல்லாம் பொருத்துவதைவிட, லாஞ்சை வாங்கிச் சமையற்கட்டைப் பெரிதாக்குவது லேசு.

ஆனால் மாற்ற வேண்டியதும் இருக்கிறது. முதலில் கம்பி. உங்கள் விஞ்சில் சுற்றியிருப்பது வெறும் இரும்புக் கம்பி. அவர்களுக்கு வேண்டியது உள்ளே மின்சார நரம்பு ஓடும் கம்பி. கீழே இறங்கும் கருவி, தண்ணீரின் சூடு என்ன, ஆழம் என்ன, கரைந்த உப்பு எவ்வளவு என்று நொடிக்கு நொடி அந்தக் கம்பி வழியாக மேலே சொல்லிக்கொண்டே போகும். நன்னீரிலும் துளி உப்பு உண்டு. அந்தத் துளியும் அவர்களுக்குக் கணக்கு.

அப்புறம் பாட்டில்கள். இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு ரொம்பப் பிடித்த சாமான் இது. கிணற்றில் வாளியை விட்டால் மேல்தண்ணீர்தானே முதலில் நிரம்பும்? 200 மீட்டர் ஆழத்துத் தண்ணீர் மட்டும் வேண்டும், வழியில் இருப்பது ஒரு சொட்டும் சேரக் கூடாது என்றால் என்ன செய்வது? மூடிய பாட்டிலை இறக்கினால் அந்த அழுத்தத்தில் நசுங்கிவிடும். அதனால், இரண்டு முனையிலும் மூடி பிளந்தபடி நிற்கும் குழாய்களை வட்டமாக ஒரு சட்டத்தில் மாட்டி இறக்குகிறார்கள். இறங்கும்போது தண்ணீர் உள்ளே நுழைந்து வெளியே போய்க்கொண்டே இருக்கும், எதுவும் தங்காது. திரும்ப ஏற்றும்போது, வேண்டிய ஆழத்தில் விஞ்சை நிறுத்தி, மேலே கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானைத் தட்டினால் ஒரு பாட்டிலின் இரண்டு மூடியும் டப்பென்று சாத்திக்கொள்ளும். கொஞ்சம் ஏற்றி அடுத்தது. இப்படி ஒரே இறக்கத்தில் பத்துப் பன்னிரண்டு ஆழங்களின் தண்ணீர் தனித்தனியாக மேலே வந்துவிடும்.

இன்னொரு பிரச்சினை உங்கள் படகில் கட்டாயம் வரும்: டீசல். மேல்தளத்தில் எண்ணெய் பிசுக்கு, புகை, துருத்தூள். மடியில் விழும் மீனுக்கு அது பெரிதில்லை. தண்ணீரில் கோடியில் ஒரு பங்கு ஈயம் இருக்கிறதா என்று தேடுகிறவனுக்கு அது விஷம். படகைக் காற்றுக்கு எதிர்முகமாக நிறுத்தி, புகை பின்னால் போகும்படி பார்த்துக்கொண்டுதான் மாதிரி எடுப்பார்கள். இன்ஜின் சத்தமும் ஆகாது. அடித்தளத்தை ஒலியால் அளக்கும் சோனாருக்குக் காது கூர்மை.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், இதில் லாபம் கிடையாது. உங்கள் லாஞ்சு 61 நாள் தடைக்காலத்தில் கரையேறிப் பெயின்ட் அடித்துக்கொள்வது மாதிரி, அங்கே குளிர்காலம் முழுக்க வேலை இல்லை. ஜனவரி நடுவிலிருந்து மார்ச் கடைசி வரை ஏரியின் வாசலில் இருக்கும் சூ லாக்குகளையே மூடிவிடுவார்கள். பல்கலைக்கழகம் செலவு செய்துகொண்டே இருக்கும். ஆராய்ச்சிப் படகைக் கிட்டத்தில் பார்க்க ஆசை என்றால் தூரம் போக வேண்டாம். இந்திய மீன்வள அளவைத் துறையின் தளம் உங்கள் துறைமுக வளாகத்திலேயேதான் இருக்கிறது.

*

கப்பலில் 11 பேர் என்றால் சமையல் யார்?
– இல்லத்தரசி, திருவொற்றியூர்

அம்மா, மீன்பிடிப் படகோ ஆராய்ச்சிப் படகோ, சமைக்கிறவர் கோபித்துக்கொண்டால் பயணம் முடிந்தது. ராத்திரி பகலாக மாற்றி மாற்றி வேலை பார்ப்பார்கள். அகாலத்தில் ஒருவர் படுக்கப் போவார், ஒருவர் எழுந்து காபி கேட்பார். எங்கள் கப்பலில் கோவா சமையல்காரர் ஒருவர் இருந்தார். அவரிடம் கேப்டனே மரியாதையாகத்தான் பேசுவார்.

*

இப்படித் தண்ணீர் பிடித்து என்ன கண்டுபிடித்தார்கள்? வேலையற்ற வேலையாகத் தெரிகிறதே.
– ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி, மணலி

ஒரு தடவை பிடித்தால் வேலையற்ற வேலைதான். அதே இடத்தில், அதே ஆழத்தில், வருஷா வருஷம் பிடிப்பதில்தான் விஷயம்.

தண்ணீருக்கு ஒரு விசித்திர குணம்: 4 டிகிரி செல்சியஸில்தான் அது மிகக் கனம். அதற்கு மேல் சூடானாலும் லேசாகிவிடும், கீழே குளிர்ந்தாலும் லேசாகிவிடும். கோடையில் அந்த ஏரியின் மேல்தண்ணீர் சூடாகி எண்ணெய் மாதிரி மேலே மிதக்கும், அடியில் குளிர்ந்த தண்ணீர் தனியாகக் கிடக்கும். இரண்டும் கலக்காது. குளிர் வரும்போது மேல்தண்ணீரும் 4 டிகிரிக்கு இறங்கும், மேலும் கீழும் ஒரே கனமாகிவிடும். அப்போது அடிக்கும் காற்று மொத்த ஏரியையும் புரட்டிப் போடும். மேலே இருக்கும் ஆக்சிஜன் அடிமட்டம் வரை போய்ச் சேருவது அப்போதுதான். வசந்தத்தில் இன்னொரு முறை. வருஷத்துக்கு இரண்டு தடவை ஏரி மூச்சு இழுக்கிறது என்று வையுங்கள்.

அந்த மூச்சு எப்போது, எவ்வளவு என்பதைக் கரையில் நின்று பார்க்க முடியாது. ஏரியில் நிறுத்திய மிதவைகளின் கணக்கை வைத்து, அதே பல்கலைக்கழகத்தின் டுலூத் ஆய்வகத்துக்காரர்கள் 2007-இல் ஒன்று சொன்னார்கள்: 1979 முதல் 2006 வரை கோடைக்கால மேல்தண்ணீரின் சூடு சுமார் 2.5 டிகிரி ஏறியிருக்கிறது. அங்கே காற்று சூடான வேகத்தைவிட ஏரி சூடான வேகம் அதிகம். குளிர்காலப் பனிக்கட்டி குறைந்தால், வெயில் சீக்கிரமே தண்ணீரைத் தொட்டு வேலையை ஆரம்பித்துவிடுகிறது. இருபத்தேழு வருஷக் கணக்கு இல்லாவிட்டால் யாருக்குத் தெரிந்திருக்கும்?

தண்ணீர் மட்டுமில்லை, சேறும் பிடிப்பார்கள். குழாயை அடியில் செருகி, சேற்றைக் குலையாமல் தூண் மாதிரி உருவி எடுப்பார்கள். மேலே இந்த வருஷச் சேறு, கீழே போகப் போகத் தாத்தா காலத்துச் சேறு. 1960-களின் ஆரம்பத்தில் வல்லரசுகள் வெட்டவெளியில் அணுகுண்டு வெடித்துப் பார்த்தார்களே, அந்தத் தூசி உலகம் முழுக்க ஏரிச் சேற்றில் படிந்திருக்கிறது. அதில் இருக்கும் சீசியம் 1963 வாக்கில் உச்சம். அந்த அடுக்கைக் கண்டுபிடித்தால், அங்கிருந்து மேலும் கீழும் வருஷத்தை எண்ணிவிடலாம். குண்டு போட்டதால் விளைந்த ஒரே நன்மை இது என்று எனக்குத் தோன்றும்.

*

ஏரியில் கப்பல் மூழ்குமா சார்?
– கல்லூரி மாணவர், வண்ணாரப்பேட்டை

மூழ்கும். 1975 நவம்பர் 10-ஆம் தேதி, இரும்புத்தாது ஏற்றிப் போன ‘எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட்’ இதே சுப்பீரியர் ஏரிப் புயலில் போனது. 729 அடிக் கப்பல். இருந்த 29 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. கடல் அலை நீளமானது, கப்பலைத் தூக்கி இறக்கும். ஏரி அலை குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன்பின் ஒன்றாக வந்து உதைக்கும். நாங்கள் திரும்பும்போது ஒரு ராத்திரி அந்த உதையை வாங்கினோம். வங்காள விரிகுடாவில் வாந்தி எடுக்காதவன் அங்கே எடுத்தேன்.

நன்னீரில் கப்பல் கடலைவிடக் கொஞ்சம் அதிகமாக அமிழும் என்பதும் தெரிந்துகொள்ளுங்கள். உப்புத் தண்ணீர் கனம், நல்ல தண்ணீர் லேசு. ஏழெட்டு மீட்டர் அமிழும் கப்பல் ஏரிக்குள் வந்தால் இன்னும் ஒரு சாண் இறங்கும். கப்பலின் பக்கவாட்டில் சுமைக்கோடு வரைந்திருப்பார்களே, அதில் நன்னீருக்கென்று தனிக்கோடு இருப்பது அதனால்தான்.

*

எங்கள் ஆற்றில் காக்கா ஆழி பரவி இறால் போச்சு. அந்த ஏரியிலும் இப்படி உண்டா?
– மீனவர், எண்ணூர்

உண்டு அண்ணே. உங்கள் காக்கா ஆழி மாதிரியே வெளியூரிலிருந்து வந்து பரவிய வேறொரு சிப்பி, பெயர் வரிக்குதிரைச் சிப்பி. ஐரோப்பாப் பக்கத்திலிருந்து கப்பல்களின் நிலைப்புத் தண்ணீரில் வந்தது என்கிறார்கள்; சுப்பீரியரும் அதன் பக்கத்து ஏரிகளும் சேர்ந்த ‘பெரிய ஏரிகள்’ பகுதியில் 1988-இல் கண்டுபிடித்தார்கள். சரக்கில்லாத கப்பல் ஆடாமல் இருக்க ஒரு துறைமுகத்தில் தண்ணீரை ரொப்பி, இன்னொரு துறைமுகத்தில் கொட்டும். தண்ணீரோடு குஞ்சும் வரும். நாங்கள் போனபோது, உள்ளே நுழையுமுன் நடுக்கடலிலேயே பழைய தண்ணீரைக் கொட்டி உப்புத் தண்ணீர் மாற்ற வேண்டும் என்று கண்டிப்பு. பம்பு ஓட்டியது நான்தான், ராத்திரி முழுக்க. சுப்பீரியரில் மட்டும் அந்தச் சிப்பி அவ்வளவாகப் பரவவில்லை. ஓடு கட்டச் சுண்ணாம்புச் சத்து அந்தத் தண்ணீரில் போதாது.

உங்கள் காக்கா ஆழி தென்னமெரிக்கச் சரக்கு. கொசஸ்தலையாற்றுத் தரையில் பாய் விரித்த மாதிரி மூடிக்கொண்டால் நம்ம ஊர்ச் சிப்பியான மஞ்சள் ஆழி எப்படி மூச்சு விடும், இறால் எங்கே புதையும்? இதை விஞ்ஞானிகளுக்கு முன்னாலேயே பார்த்துச் சொன்னவர்கள் நீங்கள். தேதி போட்டு எங்கேயாவது எழுதி வைத்தீர்களா?

*

புழல் ஏரிக்கு இப்படி ஒரு கப்பல் விடலாமே?
– பால் வியாபாரி, மாதவரம்

கப்பல் தரைதட்டிவிடும். புழலின் முழு ஆழமே 21 அடி சொச்சம். அதற்கு ஒரு துடுப்புப் படகு போதும்.

ஆனால் உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்ததே, அப்போது எல்லாரும் ஏரியை எட்டிப் பார்த்தோம். மழை பெய்து நிரம்பியதும் மறந்தோம். எத்தனை அடி தண்ணீர் என்று தினமும் பேப்பரில் வருகிறது. அந்தத் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று வருவதில்லை.

அதற்குப் பெரிய கருவியும் வேண்டாம். ஒரு சாண் அகலத் தட்டு, கால் கால் பாகமாகக் கறுப்பும் வெள்ளையும் அடித்தது, நடுவில் அளவு போட்ட கயிறு. இறக்கிக்கொண்டே போய், தட்டு கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறிக்க வேண்டும். 1865-இல் செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் ஒரு வெள்ளைத் தட்டை வைத்து ஆரம்பித்தார். இன்னும் உலகத்து ஏரியெல்லாம் இதையும் செய்கிறார்கள். பாசி கூடினால் தட்டு சீக்கிரம் மறையும். கூடவே ஒரு தெர்மாமீட்டர், விடியற்காலையில் அடித்தண்ணீரில் ஆக்சிஜன் பார்க்க ஒரு கருவி. காற்றில்லாத நாட்களில் விடியும் நேரத்தில்தான் நம்ம ஊர் ஏரியில் மீன் வாயைப் பிளக்கும்.

கஷ்டம் நோட்டில்தான் இருக்கிறது. நான் ஐந்தாம் இன்ஜினியராகச் சேர்ந்த கப்பலில், ராத்திரி வாட்ச்சில் மணிக்கு ஒரு தரம் கீழே இறங்கி ஒவ்வொரு பேரிங்கின் சூட்டையும் பார்த்து எழுத வேண்டும். ஒரு வாரம் எழுதினேன். எல்லாம் 58, 58, 58. எட்டாம் நாள் கீழே போகாமலே 58 என்று எழுதினேன். நான்கு நாள் கழித்து அந்த பேரிங் கருகி, நடுக்கடலில் பதினாறு மணி நேரம் நின்றோம். தலைமை இன்ஜினியர் என் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். திட்டவில்லை. ‘பேரிங் வெந்துகொண்டிருந்தபோதும் உன் கையெழுத்து மட்டும் ரொம்ப அழகாக இருக்கிறது’ என்றார். இன்னும் காதில் கேட்கிறது.

டுலூத்தில் அந்தப் படகு நின்று நின்று கம்பியை இறக்கியதைப் பார்த்தபோது எனக்கு அந்த 58 ஞாபகம் வந்தது. புழலுக்கு ஒரு படகு வாங்கலாம், தட்டு செய்யலாம், திறப்பு விழாவும் வைக்கலாம். போகாமலே எழுதாத ஆள் ஒருவர் வேண்டும், இருபது வருஷத்துக்கு.

*

அந்த ஏரித் தண்ணீர் கொஞ்சம் கொண்டுவந்தீர்களா தாத்தா?
– அதே கொருக்குப்பேட்டை மாணவி, அஞ்சலட்டையின் ஓரத்தில்

கொண்டுவந்தேன். அரை லிட்டர் பாட்டிலில். அந்த ஏரிக்குள் விழும் ஒரு சொட்டு வெளியேற சராசரியாக 190 வருஷத்துக்குப் பக்கம் ஆகுமாம், அதனால் பத்திரமாக பூஜை ரூமில் கங்கைச் செம்புக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். பதினாறு வருஷம் இருந்தது. 2019 ஜூனில் லாரித் தண்ணீர் வராத ஒரு வாரம், கறிவேப்பிலைச் செடி வாடுகிறதே என்று என் வீட்டுக்காரி அதை எடுத்து ஊற்றிவிட்டாள். கேட்டதற்கு, ‘ஏரித் தண்ணிதானே?’ என்றாள். செடி பிழைத்துக்கொண்டது.